உள்ளியும் பல்லாரியும், செல் முதல் தீயல் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகள் முதன்முதலில் பார்க்கும் செல் பெரும்பாலும் வெங்காயச் செல்தான். வீட்டில் சமையல் தொடங்கும்போது முதலில் கையில் எடுப்பதும் வெங்காயம்தான். ஆனால் ஆய்வகத்தில் படித்தது அடுக்களைக்குள் வருவதே இல்லை. கண் எரிவது, மிக்சியில் அரைத்தால் கசப்பது, புளி ஊற்றியபின் வேகாமல் நிற்பது என்று எதை எடுத்தாலும், அந்தச் செல் எப்போது உடைந்தது, எதனால் உடைந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. அதை மனதில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். நாஞ்சில் நாட்டுப் பேச்சு வழக்குப்படி, உள்ளி என்று வரும் இடமெல்லாம் சின்ன வெங்காயம், பல்லாரி என்று வரும் இடமெல்லாம் பெரிய வெங்காயம்.

வெங்காயம் கிழங்கா, தண்டா, வேரா?

இவை மூன்றுமே இல்லை. நாம் சாப்பிடுவது இலையின் அடிப்பாகம். ஒரு பல்லாரியை உச்சியிலிருந்து வேர் வரை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடியில் கெட்டியாக, தட்டையாக ஒரு வட்டு இருக்கும். அதுதான் தண்டு. அதன் கீழே தொங்கும் நார்கள் வேர். வட்டின் மேல் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு நிற்கும் சதைப்பற்றான அடுக்குகள் எல்லாம் இலைகள். வெளியே காகிதம் மாதிரி காய்ந்து கிடப்பவையும் இலைகள்தான், தண்ணீர் வற்றிப்போனவை. நட்ட நடுவில் பச்சையாகத் தெரிவது அடுத்து முளைக்கப் போகும் மொட்டு.

உள்ளியைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஒரே தோலுக்குள் இரண்டு மூன்று மொட்டுகள் தெரியும். ஒன்றை நட்டால் கொத்தாக வருவது அதனால்தான். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம், அல்லியம் சீப்பா. உள்ளி அதில் கொத்தாகப் பெருகும் ஒரு பிரிவு.

செல்லைப் பார்க்க ஏன் எப்போதும் வெங்காயத்தையே எடுக்கிறார்கள்?

உரிப்பது சுலபம் என்பது முதல் காரணம். ஒவ்வொரு அடுக்கின் உட்பக்கத்திலும் கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். சமைக்கும்போது விரலில் ஒட்டிக்கொண்டு எரிச்சல் மூட்டுமே, அதேதான். அது ஒரே ஒரு செல் கனம் கொண்ட புறத்தோல். வேறு காய்களில் இப்படி ஓர் அடுக்கு வேண்டுமென்றால் பிளேடால் சீவிச் சீவிப் பார்க்க வேண்டும். இங்கே இயற்கையே சீவித் தந்திருக்கிறது.

செல்களும் பெரியவை. நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். உட்கருவும் நன்றாகத் தெரியும்படி பருமனாக இருக்கிறது, அதற்கு வெங்காயத்தின் டி.என்.ஏ. அளவு ஒரு காரணம். ஒரு தொகுதியில் சுமார் 1,600 கோடி எழுத்துகள், அதாவது மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. அதனால் வெங்காயம் நம்மைவிடச் சிக்கலான உயிர் என்று ஆகிவிடாது. அதில் பெரும்பகுதி மீண்டும் மீண்டும் வரும் ஒரே மாதிரியான துண்டுகள்.

வீட்டில் பார்க்க முடியுமா? என்னென்ன வேண்டும்?

முடியும். 40 மடங்கு பெரிதாக்கும் சாதாரண மாணவர் நுண்ணோக்கியே போதும், 100 மடங்கு என்றால் அருமை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு காட்டும். அதிலும் வெங்காயச் செல் தெளிவாகத் தெரியும்.

பல்லாரியை நாலாகக் கீறி, நடுவில் உள்ள ஒரு சதை அடுக்கைத் தனியே எடுங்கள். அதை வெளிப்பக்கமாக வளைத்து உடைத்தால் முழுதாக முறியாமல் உட்பக்கத் தோல் மட்டும் ஒட்டி நிற்கும். அந்தத் தோலை மெதுவாக இழுத்தால் உரிந்து வரும். கையோடு தண்ணீரில் போட்டுவிடுங்கள். காற்றில் நின்றால் சுருண்டுகொள்ளும், சுருண்டதை விரிக்கப் போனால் செல் கிழியும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் விரல் நகத்தின் பாதி அளவு தோல், அதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலைத் தண்ணீர் விட்டு நீர்த்து ஒரு சொட்டு. பள்ளியில் சஃப்ரானின் இருந்தால் அது சிவப்பாகக் காட்டும். கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்தில் சாய்த்து வைத்து, ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள்.

கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டங்கள் தெரிந்தால் அவை காற்றுக் குமிழிகள், செல் அல்ல. பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத்தான் முதலில் வரைந்து கொண்டு வருவார்கள்.

என்ன தெரியும்?

செங்கல் சுவர் கட்டியது போல வரிசையாக நீண்ட அறைகள் தெரியும். அறைகளைப் பிரிக்கும் கோடுதான் செல் சுவர். செல்லுலோஸ் இழைகளால் ஆனது, இழைகளுக்கு இடையே பெக்டின் என்ற பசை. சுவரை ஒட்டி உள்ளே செல் சவ்வு இருக்கிறது. ஆனால் இவ்வளவு மெல்லிய சவ்வு சாதாரண நுண்ணோக்கியில் தனியாகத் தெரியாது. ஒவ்வோர் அறையிலும் அயோடினில் மஞ்சளும் பழுப்புமாக ஏறிய ஒரு புள்ளி இருக்கும், அது உட்கரு. 1831-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் ஆர்க்கிட் செல்களில் கவனித்துப் பெயர் சூட்டியது இதைத்தான்.

உட்கரு நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நிற்பதைக் கவனியுங்கள். செல்லின் பெரும்பகுதியை வாக்குவோல் எனப்படும் நுண்குமிழ் அடைத்துக்கொண்டிருக்கிறது. அது தண்ணீரும் சர்க்கரையும் உப்புகளும் நிறைந்த ஒரு பெரிய பை. மற்ற எல்லாம் அதற்கும் சுவருக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கின்றன. அந்தப் பை சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் பச்சை வெங்காயம் கடித்தால் நறுக்கென்று இருக்கிறது. வாடிய வெங்காயம் தொளதொளப்பதற்குக் காரணம் அந்த அழுத்தம் குறைந்துபோனதுதான்.

பசுங்கணிகத்தைத் தேட வேண்டாம். வெயில் படாத அடுக்கில் அது இருக்காது. இன்னொன்று: அயோடின் பட்டும் நீலக்கறுப்பு வராது. உருளைக்கிழங்கிலும் மரச்சீனியிலும் (மரவள்ளிக்கிழங்கு) வரும், அவை மாவுச்சத்தைச் சேமிக்கின்றன. வெங்காயம் சேமிப்பது சர்க்கரைகளும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளும். தாளிக்கும்போது வெங்காயம் இனித்து வருவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, கீழே வருகிறது.

பக்கோடாவுக்கு ஏன் முதலில் உப்புப் போட்டுப் பிசறி வைக்கச் சொல்கிறார்கள்?

வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வைக் கடந்து வெளியே வந்துவிடும். சவ்வூடு பரவல் என்று படித்தது இதுதான். நறுக்கிய பல்லாரியில் உப்பைத் தூவிப் பிசறி, கடலை மாவை எடுத்து வருவதற்குள் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் ஊறி நிற்கும். அந்தத் தண்ணீரிலேயே மாவைப் பிசைய வேண்டும். தனியாகத் தண்ணீர் ஊற்றினால் மாவு கூடும், எண்ணெய் குடிக்கும், மொறுமொறுப்பு போகும். எங்கள் ஊர்ச் சாயங்காலச் சாயாக்கடைகளில் நல்ல பக்கோடா போடுகிறவர்கள் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிவந்த பல்லாரியின் சதை அடுக்கில் *வெளிப்பக்க*த் தோலை உரியுங்கள். ஊதா நிறம் அந்தத் தோலின் வாக்குவோலுக்குள்தான் இருக்கிறது, ஆந்தோசயனின் என்ற நிறமி. ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் கெட்டியான உப்புத் தண்ணீரைச் சொட்டி, மறுபக்கம் டிஷ்யூ தாளால் உறிஞ்சுங்கள். அறை முழுக்க நிறைந்திருந்த ஊதா, சுவரைவிட்டு விலகிச் சுருங்கி, ஒரு மூலையில் உருண்டையாக ஒதுங்கும். அறைச் சுவர் மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். இதற்குப் பிளாஸ்மா சிதைவு என்று பெயர். பிறகு நல்ல தண்ணீரை விட்டால், செல் செத்துப்போகாமல் இருந்தால், ஊதா மறுபடி விரிந்து அறையை நிறைக்கும். மணிக்கணக்கில் பாடம் நடத்தினாலும் பதியாதது இந்த ஒரு காட்சியில் பதிந்துவிடும். ஆய்வகம் உள்ள ஒவ்வொரு பள்ளியும் தவறாமல் செய்து காட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

நறுக்கும்போது ஏன் கண்ணீர் வருகிறது?

முழு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மோந்து பாருங்கள், கண் கலங்காது. எரிச்சல் தரும் பொருள் அதற்குள் இன்னும் உருவாகவே இல்லை. உருவாக வேண்டிய இரண்டு சரக்குகளைச் செல் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறது. கந்தகம் கலந்த ஒரு அமினோ அமிலச் சேர்மம், வாக்குவோலைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில். அதை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதி வாக்குவோலுக்குள். கத்தி பட்டதும் இடையில் உள்ள சவ்வு கிழிந்து இரண்டும் கலக்கின்றன. அதிலிருந்து சல்ஃபீனிக் அமிலம் பிறக்கிறது. அதை இன்னொரு நொதி சட்டென்று புரோப்பேன்தயல் எஸ்-ஆக்சைடாக மாற்றுகிறது. இது எளிதில் ஆவியாகி எழுந்து கண்ணில் படுகிறது, அங்குள்ள நரம்பு முனைகளைச் சீண்டுகிறது. கண் தன்னைக் கழுவிக்கொள்ளத் தண்ணீரைக் கொட்டுகிறது.

அந்த இரண்டாவது நொதி இருப்பதே நெடுநாள் தெரியாது. 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த ஆராய்ச்சிக்கு 2013-ல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. வெள்ளைப்பூட்டிலும் அல்லினேஸ் உண்டு. ஆனால் அதில் நடக்கும் வேதிவினை வேறு பாதையில் போய் அல்லிசினில் முடிகிறது, அதனால் பூட்டை எவ்வளவு நசுக்கினாலும் மணம்தான் வரும், கண்ணீர் வராது.

மண்ணிலிருந்து புழுவோ எலியோ கடித்தால் விரட்டுவதற்குத்தான் செடி இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நாம் அதையே ருசிக்காகத் தேடிப் போகிறோம்.

கண்ணீரைக் குறைக்க என்னதான் வழி?

கூர்மையான கத்தி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். மொண்ணைக் கத்தி வெட்டுவதைவிட நசுக்குவதுதான் அதிகம், நசுங்கிய செல் எல்லாம் சாற்றைப் பீய்ச்சும். மொண்ணைக் கத்தியிலும் வேகமாக வெட்டும்போதும் சாற்றுத் துளிகள் அதிகமாகத் தெறிப்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அரிவாள்மணையில் அரிகிறவர்களும் சாணை பிடித்து வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும்.

மின்விசிறிக் காற்று முகத்திலிருந்து வெளியே போகும்படி உட்காருங்கள். வேர் வட்டைக் கடைசியாக வெட்டுங்கள், அடுக்குகள் கலையாமல் நிற்கும், வேலையும் சீக்கிரம் முடியும். உள்ளியைத் தண்ணீரில் போட்டு உரித்தால் தோலும் நெகிழும், சாறும் தண்ணீரோடு போகும். வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொள்வது, தலையில் வெங்காயத் தோலை வைத்துக்கொள்வது இவற்றுக்கெல்லாம் வேலை இல்லை.

நெடுக்காக அரிவதா, குறுக்காக அரிவதா? ருசி மாறுமா?

மாறும். புறத்தோல் செல்களின் நீளவாக்கும் தண்ணீர் கடத்தும் நரம்புகளும் வேரிலிருந்து உச்சிக்குப் போகின்றன. அதே திசையில் நெடுக்காக அரிந்தால் துண்டு குழையாமல் இழை இழையாக நிற்கும். பிரியாணிக்குப் பொரிப்பதற்கும் அவியலில் இரண்டு கீற்று போடுவதற்கும் அது சரி. வட்டமாகக் குறுக்கே அரிந்தால் நரம்புகள் அறுபட்டு, அடுப்பில் சீக்கிரம் கரையும். குழம்பு கெட்டிப்பட வேண்டுமானால் குறுக்காகவோ பொடியாகவோ.

பச்சையாகத் தின்னும்போது எவ்வளவு பொடியாக அரிகிறோமோ அவ்வளவு காரம். பழஞ்சிக்கு, அதாவது பழைய சோற்றுக்கு, கடித்துக்கொள்ள உள்ளியை முழுசாக வைப்பதில் உள்ள சுகம் அதுதான். செல் பல்லில் பட்டு அங்கேயே உடைகிறது, காரமும் அங்கேயே பிறக்கிறது.

மரச்சீனிக்குச் சம்மந்தி இடிக்கும்போது அம்மியில் வரும் ருசி மிக்சியில் ஏன் வருவதில்லை?

வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு, பக்கத்தில் உள்ளியும் காந்தாரி மிளகாயும் கல்லுப்பும் சதைத்து மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்மந்தி. கல்குளம், விளவங்கோடு பக்கம் இதற்கு மேல் ஒரு விருந்து கிடையாது. இங்கே சதைப்பது என்பது முக்கியம். அம்மியில் குழவியை இரண்டு தட்டுத் தட்டி ஓர் இழுப்பு இழுத்தால், கொஞ்சம் செல் முழுக்க உடைகிறது, கொஞ்சம் பாதி உடைகிறது, கொஞ்சம் அப்படியே நிற்கிறது. வாயில் போடும்போது ஒரு துணுக்கில் காரம், அடுத்ததில் இனிப்பு, அடுத்ததில் நறுக்கென்ற கடி.

மிக்சியில் இரண்டு சுற்றில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் கிழிந்துவிடும். அல்லினேஸ் முழு வேகத்தில் வேலை செய்யும், கந்தகச் சேர்மங்கள் குவியும், கொஞ்ச நேரம் வைத்தால் கசப்பும் நெடியும் ஏறும். மிக்சியைத் தவிர வழியில்லை என்றால் விட்டுவிட்டு அரை நொடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். உடனே எண்ணெயை ஊற்றி, உடனே சாப்பிட்டுவிடுங்கள். சம்மந்தியை அரைத்து வைத்துக் காத்திருக்கக் கூடாது.

குழம்புக்கு வெங்காய விழுது கசக்காமல் இருக்க?

வதக்கியோ வேகவைத்தோ ஆறவிட்டு அப்புறம் அரையுங்கள். சூடு பட்டதும் நொதி செயலிழந்துவிடும், பிறகு எவ்வளவு அரைத்தாலும் அந்தக் காரம் பிறக்காது. மீன் குழம்புக்குத் தேங்காயோடு இரண்டு மூன்று உள்ளியைப் பச்சையாக அரைக்கிறோமே என்று கேட்கலாம். அளவு குறைவு, அரைத்த கையோடு கொதிக்கவும் வைத்துவிடுகிறோம், அதனால் சாளைக்கும் அயிலைக்கும் அந்த நெடி ஒத்தாசையாகத்தான் இருக்கிறது.

வதக்கும்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது? பொன்னிறம் வர ஏன் இவ்வளவு நேரம்?

முதலில் சவ்வு சாகிறது. 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சவ்வு தன் கட்டுப்பாட்டை இழந்து, வாக்குவோலில் இருந்த தண்ணீர் வெளியே கசியும். நீங்கள் சட்டியில் பார்ப்பது: வெள்ளையாக, மங்கலாக இருந்த துண்டு ஓரத்திலிருந்து கண்ணாடி போல ஆகிறது. துண்டுக்குள் இருந்த காற்று இடைவெளிகளில் சாறு புகுந்துவிடுவதால் வெளிச்சம் உள்ளே ஊடுருவுகிறது. ‘கண்ணாடிப் பதம்’ என்று சமையல் குறிப்புகளில் எழுதுவது இந்த நிமிடத்தைத்தான்.

அடுத்து சுவர். 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் பெக்டின் பசை கரையத் தொடங்கி, செல்லும் செல்லும் பிரிந்து துண்டு மெத்தென்று ஆகும்.

மூன்றாவது, நிறம். பல்லாரியில் நூற்றுக்கு 89 பங்கு போலத் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியை விட்டு ஏறாது. சிவப்பதற்கான மெயிலார்டு வினை, அதாவது சர்க்கரையும் அமினோ அமிலமும் சேரும் வினை, 140 டிகிரி வாக்கில்தான் சுறுசுறுப்பாக நடக்கும். ஆக, தண்ணீர் போக வேண்டும், அதற்கு நேரம் ஆகும். அடுப்பைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். ‘அஞ்சு நிமிஷத்தில் பொன்னிறம்’ என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள், அரைக் கிலோ பல்லாரி நன்றாகச் சிவக்க அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

தொடக்கத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வெளியேறும். அகலமான சட்டி ஆவியை விரட்டும். மூடி போட்டால் வேகும், சிவக்காது. இனிப்பு எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் முன்பே இருந்த சர்க்கரைதான். பச்சையில் காரம் அதை மறைத்திருந்தது. சூட்டில் காரம் ஆவியாகி, தண்ணீர் வற்றி, சர்க்கரை அடர்ந்து வருகிறது. ஃப்ரக்டான் சங்கிலிகளும் கொஞ்சம் அறுபட்டு இனிப்புக்குச் சேரும்.

இன்னொரு விஷயம், ஆட்டிறைச்சிக் குழம்புக்கு வெங்காயத்தை முழுசாகப் போடாமல் அரிந்துதான் போட வேண்டும். அரிந்ததால் பிறந்த கந்தகச் சேர்மங்களில் சில, வேகும்போது இறைச்சி மணத்தை ஒத்த வேறு சேர்மங்களாக மாறுகின்றன. அரியாமல் வேகவைத்தால் நொதி முதலிலேயே செத்துவிடும், அந்த மணமும் குறைந்துவிடும்.

உள்ளித் தீயல் வைத்தால் உள்ளி உள்ளே வேகாமல் நிற்கிறது. ஏன்?

புளி முந்திவிட்டது. தீயல் என்றால் தேங்காயை வறுத்தரைத்துப் புளி ஊற்றி வைக்கும் எங்கள் ஊர்க் குழம்பு. இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது. கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே தீயல் வைக்கும்போது நடப்பதும் இதுதான்.

பெக்டின் கரைவது சுற்றியுள்ள புளிப்பைப் பொறுத்தது. புளிப்பு ஏறினால் அது கரைய மறுக்கும். புளித்தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் உள்ளி வழுக்கென்று, நடுவில் கறுக்கென்று நிற்கும். தக்காளியும் அப்படியே. வினிகரில் போட்ட வெங்காயம் மாதக்கணக்கில் நறுக்கென்று இருப்பதும் இதே காரணத்தால்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். தேங்காய்த் துருவலை இரும்புச் சட்டியில், எண்ணெய் விடாமல் அல்லது ஒரு கரண்டி மட்டும் விட்டு, அடுப்பைக் குறைத்து வறுங்கள். கூடவே கொஞ்சம் கறிவேப்பிலை, நாலைந்து நல்லமிளகு. காப்பிக்கொட்டை நிறத்துக்குச் சற்று முன்னால் வற்றல்மிளகாயும் மல்லியும் போட்டுப் புரட்டி இறக்குங்கள், சட்டிச் சூட்டிலேயே மீதி நிறம் வந்துவிடும். தேங்காயின் எண்ணெய் தானாகப் பிரிந்து வரும்வரை மையாக அரையுங்கள்.

இன்னொரு சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் உரித்த உள்ளியை முழுசாகப் போடுங்கள், பெரியதாக இருந்தால் நெடுக்காக இரண்டாக. ஒரு சிட்டிகை உப்பு. தோல் சுருங்கி, ஆங்காங்கே பழுப்புப் பொட்டு விழுந்து, கரண்டியால் அழுத்தினால் உள்ளே மசிகிற பதம் வரும்வரை வேறு எதையும் ஊற்றாதீர்கள். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். அடுக்கு அடுக்காக வழுக்கி விலகினால் சரி. அதன்பிறகு புளிக்கரைசல், மஞ்சள், பச்சை வாசனை போகக் கொதி, கடைசியில் அரைத்த விழுது. எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கிவிடலாம். இந்த வரிசையில் புளி உங்களுக்கு எதிரி இல்லை, காவல்காரன். வெந்த உள்ளியை அதற்குமேல் குழைய விடாமல் நிறுத்தி வைக்கும். மறுநாள் தீயலிலும் உள்ளி முழுசாக இருப்பது அதனால்தான்.

சோடா உப்புப் போட்டால் இதற்கு நேர்மாறு. பெக்டின் வேகமாகக் கரையும், நிறமும் சீக்கிரம் ஏறும். சில கடைகளில் செய்வார்கள். வெங்காயம் கூழாகி ஒரு சவர்க்கார வாடை நிற்கும். எனக்கு அது பிடிக்காது, தீயலில் அது வேண்டவே வேண்டாம்.

உள்ளி விலை ஏறிவிட்டது. பல்லாரி போட்டுத் தீயல் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் உள்ளித் தீயல் ஆகாது. உள்ளியில் தண்ணீர் குறைவு, சத்தும் சர்க்கரையும் அடர்த்தி. செல்களும் நெருக்கமாக இருப்பதால் முழுசாக வதங்கி நிற்கும். பல்லாரி தண்ணீர் விட்டுக் கலைந்துவிடும், குழம்பு இனிப்பாகி நீர்த்துப்போகும். அந்த நாட்களில் பாவைக்காய்த் தீயலோ கத்தரிக்காய்த் தீயலோ வைத்து, அதில் பத்து உள்ளி மட்டும் சேர்த்துக்கொள்வது மேல். சாம்பாருக்கும் ரசவடைக்கும் பல்லாரி தாராளமாகப் போதும்.

எலுமிச்சை பிழிந்தால் வெங்காயம் ஏன் ரோஸ் நிறமாகிறது?

அதே ஆந்தோசயனின்தான். புளிப்பில் சிவக்கும், சோடா உப்புப் போன்றவற்றின் காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாகத் திரியும். தீங்கு எதுவும் இல்லை. தயிர்ப்பச்சடிக்கு அரிந்ததைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுப் பிழிந்துவிட்டால் வெட்டுப்பட்ட செல்களின் சாறு கழுவப்பட்டு, காரம் அடங்கும்.

மேல் தோலில் கறுப்புப் பொடி இருக்கிறது. சாப்பிடலாமா?

அது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் புகார் அதிகம், காரணம் காற்றில் உள்ள ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டும் இங்கே பெய்கின்றன. கடற்காற்று வேறு. பல்லாரி மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கமிருந்தும் உள்ளி திண்டுக்கல், பெரம்பலூர் பக்கமிருந்தும் சாக்கில் அடைபட்டு வந்து, வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் இறங்கும்போதே பாதி வேர்த்திருக்கும்.

பொடி மேல் தோலில் மட்டும் இருந்தால், அந்தத் தோலையும் அதற்கடுத்த அடுக்கையும் எடுத்துவிட்டுக் கழுவிப் பயன்படுத்தலாம். சதைக்குள் இறங்கியிருந்தாலோ, கழுத்துப் பக்கம் அழுத்தினால் நொதுநொதுவென்று இருந்தாலோ, வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பொடி பறக்கும்படி உரிக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டு உரிக்கட்டும்.

வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, முறத்திலோ மூங்கில் கூடையிலோ ஒரு வரிசையாகப் பரப்புங்கள். தாளோடு கிடைக்கும் உள்ளியைப் பிடிபிடியாகக் கட்டி, காற்று வரும் இடத்தில் தொங்கவிடுவதுதான் மழைக்காலத்துக்கு நல்ல வழி. முழு வெங்காயத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஈரத்தில் பூத்துப்போகும். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள், அதன் ஈரம் இதைக் கெடுக்கும்.

முளைவிட்ட வெங்காயம்?

சாப்பிடலாம். மொட்டு வளரத் தொடங்கிச் சேமித்த சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் சதை சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். பச்சை முளையைக் கிள்ளி முட்டைப் பொரியலில் போடுங்கள்.

வெட்டி வைத்த வெங்காயம் விஷம், அது அறையில் உள்ள கிருமிகளை இழுக்கும் என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றி வரும் செய்தி இது. உண்மை இல்லை. கிருமி காற்றில் பறந்து வந்து வெங்காயத்துக்குள் புகுந்துகொள்ளாது. வெட்டிய எந்தக் காயையும் போல இதுவும் வெளியே திறந்து கிடந்தால் கெடும். மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுங்கள். காய்ச்சல் பிள்ளையின் பாதத்தில் வெங்காயத்தைக் கட்டி வைத்துவிட்டு மருத்துவரிடம் போகத் தாமதிப்பதுதான் இதில் உள்ள உண்மையான ஆபத்து.

வீட்டு நாய்க்கு மிச்சக் குழம்புச் சோறு போடலாமா?

வெங்காயம் போட்டது என்றால் வேண்டாம். பூனைக்கும் வேண்டாம். மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அந்தக் கந்தகச் சேர்மங்கள் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது.

நம் மண்ணில் உள்ளி விளையுமா?

வீட்டுத் தேவைக்கு விளையும். தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தி வேண்டும், விளைச்சல் காலத்தில் மழை விடாமல் பெய்தால் அழுகிவிடும். வயலும் தென்னையும் வாழையும் ரப்பருமாக உள்ள மாவட்டத்தில் பெரிய அளவில் யாரும் முயலாததற்கு அதுவே காரணம். மொட்டைமாடியில் சாக்குப்பையில் மண்ணோடு மணல் கலந்து, பருவமழை ஓய்ந்ததும் ஜனவரி வாக்கில் நட்டுப் பாருங்கள்.

அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைக்கு ஏதாவது சொல்லுங்கள்.

உள்ளியின் அடிவட்டு மட்டும் தண்ணீரில் படும்படி, ஈர்க்குச்சி குத்தி ஒரு கண்ணாடித் தம்ளர் விளிம்பில் உட்காரவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றினால் சில நாட்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். அதன் நுனியில்தான் செல்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. காலையில் ஒரு சென்டிமீட்டர் நுனியை வெட்டி, பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைனில் நிறமேற்றி, கவர் ஸ்லிப் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினால் குரோமோசோம்கள் தெரியும். ஒரு செல்லில் மொத்தம் 16. சில செல்களில் நடுவில் வரிசை கட்டி நிற்கும், சிலவற்றில் இரண்டு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருக்கும். எந்தச் செல் எந்த நிலையில் இருக்கிறது என்று பிள்ளையே பார்த்து வரையட்டும், புத்தகப் படத்தைப் பார்த்து வரைய விடாதீர்கள். வேர் வெட்டிய உள்ளியைத் தொட்டி மண்ணில் வைத்தால் அது மறுபடி வேர்விடும்.